ஆத்தங்குடித் தரை இருக்கும் வீட்டில் நாய்க்குக் கட்டில் எதற்கு?

கோடைக்கு என்று இந்தக் கட்டிலை வாங்காதீர்கள், அடைமழைக்கு வாங்குங்கள். ‘எலிவேட்டட் டாக் பெட்’ என்றும் ‘கூலிங் காட்’ என்றும் இணையக் கடைகளில் பல பெயர்களில் வருவது பெரும்பாலும் ஒரே அமைப்புதான். நான்கு குட்டைக் கால், நான்கு இரும்புக் குழாய், நடுவில் இழுத்துப் பூட்டிய வலைத்துணி, அவ்வளவே. அளவுக்கும் துணிக்கும் ஏற்பச் சுமார் ஆயிரத்து ஐநூறிலிருந்து மூவாயிரம் ரூபாய் வரை ஆகிறது. விளம்பரங்கள் எல்லாம் வெயிலைக் காட்டித்தான் விற்கின்றன. கான்கிரீட் மாடி வீட்டுக்கும் தகரக் கொட்டகைக்கும் அது சரி. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில், ஆத்தங்குடி ஊரில் வார்க்கும் பூப்போட்ட சிமெண்ட் கல் பதித்த தரையில், கதை வேறு.

சித்திரை நடுப்பகலில் அப்படி ஒரு வீட்டில் நாய் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். வளவின், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தின், ஓரத்தில், நிழல் விழும் பக்கமாக, வயிறு முழுவதும் கல்லோடு ஒட்டியிருக்கும். பின்னங்கால் இரண்டும் தவளை மாதிரிப் பின்னால் நீண்டிருக்கும். தாடை ஒரு பூக்கல்லின் நடுப்பூவில் பதிந்திருக்கும். இருபது நிமிடம் ஆனதும் எழுந்து, ஒரு பெருமூச்சு விட்டு, இரண்டு கல் தள்ளிப் போய் மறுபடி படுக்கும். பழைய இடம் அதன் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிட்டது. அதனால்தான் இந்த இடமாற்றம். நாய்க்கு மனிதரைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். முடி குறைந்த அடிவயிற்றைக் குளிர்ந்த கல்லில் ஒட்டவைத்தால் சூடு நேராகக் கல்லுக்குள் இறங்கும். மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் அந்தத் தரை எவ்வளவு சூட்டையும் மெல்ல வாங்கிக்கொள்ளும்.

கட்டில் வேலை செய்யும் விதம் வேறு. அதன் குளிர்ச்சி முழுக்க அடியில் ஓடும் காற்றைப் பொறுத்தது. காற்று நின்று போன மத்தியானத்தில், சுற்றியுள்ள காற்றே நாயின் உடம்புச் சூட்டை எட்டும்போது, வலைத்துணி எதையும் குளிர்விக்காது. அக்கினி நட்சத்திரத்தில் காசு போட்டுக் கட்டில் வாங்கி, நாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று வருத்தப்படுவோர் நிறையப்பேர். நாய்க்குத் தெரிந்த கணக்கு அது. ஜெல் அடைத்த ‘கூலிங் மேட்’டுக்கும் இதே பதில்தான். கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டை வாங்கிக் வெதுவெதுவென்று ஆகிவிடும், கடித்துக் கிழித்தால் ஜெல் வயிற்றுக்குள் போகும். ஆத்தங்குடிக் கல் உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் இந்தக் கட்டில் எதற்கு? மூன்று காரணங்கள் உண்டு. அதில் முதலாவது முழங்கை.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, நம் நாட்டு நாய் இனங்களான இவை மூன்றும் ஒட்டிய முடி, மெலிந்த உடம்பு, நீண்ட கால். முன்னங்கால் முழங்கையில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை என்று சொல்ல ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் கல் தரையில் தொப்பென்று விழுந்து படுத்துப் படுத்து, அந்த இடத்தில் முடி கொட்டி, தோல் யானைத்தோல் மாதிரித் தடித்துக் காய்த்துப்போகும். காய்ப்போடு நின்றால் பயமில்லை. சில நாய்களுக்கு உள்ளே நீர் கோத்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு மெத்தென்று வீங்கும். வலி இருக்காது. ஆனால் அதை வீட்டில் ஊசியால் குத்தி நீரை எடுக்கவே கூடாது. கிருமி உள்ளே போனால் சீழ் வைத்து, ஆறாத புண்ணாகிவிடும். ஆரம்பக் கட்டத்திலேயே படுக்கையை மாற்றினால் வீக்கம் தானாக வற்ற நல்ல வாய்ப்பு உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே, மூன்று நான்கு வயது தாண்டிய நம் நாட்டு நாய்களுக்குக் கட்டில் நியாயமான செலவு. லாப்ரடார் போன்ற பெரிய, கனத்த நாய்களுக்கும் இந்தத் தொல்லை வரலாம்.

இரண்டாவது காரணம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் வளவு முற்றத்தில் தண்ணீர் கொட்டும். சாரல் சுற்றுக்கட்டு முழுவதும் அடிக்கும். கோடையில் வரமாக இருந்த அதே கல் மார்கழியில் சில்லிட்டுக் கிடக்கும். நாய் நனைந்த காலோடு வந்து அதில் படுத்தால் அடிவயிறும் தொடை இடுக்கும் ஈரம் காயாமலே இருக்கும். மழைக்காலத்தில் நாய்க்கு வரும் அரிப்புக்கும் செம்புள்ளிகளுக்கும் அந்த ஈரம் பெரிய காரணம். ஓர் அரை அடி உயரத்தில், அடியிலும் காற்று போகிற படுக்கை இருந்தால் நாய் சீக்கிரம் காய்ந்துவிடும்.

மூன்றாவது, கிழ நாய்கள். வழவழத்த தரையில் கிழ நாய் எழுந்திருக்கத் திணறுவதைப் பார்த்தாலே மனசு கேட்காது. பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் வழுக்கிப் போகும், நகம் கல்லைக் கீறும், மூன்றாம் தடவைதான் எழும். கட்டிலிலிருந்து இறங்குவது அதற்கு எளிது. ஆனால் இடுப்பு மூட்டு ஏற்கெனவே கெட்ட நாய்க்கு அரை அடியே ஏணி. அதற்கு மூன்று நான்கு அங்குல உயரம் போதும், இரும்பறுக்கிற ரம்பத்தால் காலைக் குறைத்துக்கொள்ளலாம். இறங்கும் இடத்தில் பின்பக்கம் ரப்பர் ஒட்டிய ஒரு மிதியடி போடுங்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் தரையை மெருகேற்றும் வழக்கமுள்ள வீடுகளில், அன்றைக்கு ஒரு நாள் நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அளவு பார்ப்பதில்தான் பாதிப்பேர் தவறுகிறார்கள். நிற்கிற நாயை அளக்கக்கூடாது. ஒருக்களித்து நன்றாகத் தூங்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை டேப் பிடித்து, அதோடு 15 செ.மீ. கூட்டுங்கள். அது நீளம். அகலத்துக்கு முதுகிலிருந்து நீட்டிய பாதம் வரை அளக்க வேண்டும். சிப்பிப்பாறைக்கு அகலம்தான் முக்கியம். உடம்பு ஒல்லி என்றாலும் கால் வெளியே தொங்கினால் ஏறவே ஏறாது. அவற்றுக்கு ஏறத்தாழ 110 x 80 செ.மீ. தேவைப்படும். பெட்டியில் போட்டிருக்கும் எடைத் தாங்குதிறனை அப்படியே நம்பாதீர்கள். அது அசையாமல் வைத்த பாரத்துக்குச் சொன்னது. 30 கிலோ நாய் தெருவில் யாரோ போகிற சத்தம் கேட்டுத் துள்ளி இறங்கும்போது ஒரு மூலையில் விழும் பாரம் வேறு.

துணியில் இரண்டு ரகம். ஒன்று ஆக்ஸ்போர்டு துணி, பை தைக்கிற துணிபோல் நெருக்கமாக இருக்கும். இன்னொன்று டெக்ஸ்டிலின் என்கிற பி.வி.சி. பூசிய வலை, தோட்டத்து நாற்காலிகளில் பார்த்திருப்பீர்கள். வலையையே எடுங்கள். ஆக்ஸ்போர்டு துணி மழைக்காலத்தில் காய இரண்டு நாள் எடுக்கும், வாடை பிடித்துக்கொள்ளும், காற்றையும் மறிக்கும். வலையில் தண்ணீர் ஊற்றினால் அடியில் வழிந்துவிடும். வலையின் பலவீனம் ஒன்றே: நகம்.

நாய் படுப்பதற்கு முன் மூன்று சுற்றுச் சுற்றி, முன்னங்காலால் பறித்து, அப்புறம்தான் விழும். காட்டில் புல்லை மிதித்துப் பள்ளம் செய்த காலத்து வழக்கம் அது என்பார்கள். பத்தாயிரம் ரூபாய் மெத்தை போட்டாலும் பறிக்கும். அதைத் திட்டி நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். வலை முதலில் கிழிவது நடுவில் அல்ல, முன்பக்கக் குழாய் மேல் துணி மடிந்து திரும்பும் இடத்தில், மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி. அங்கே துணிக்கு அடியில் இரும்பு இருப்பதால் நகத்துக்கும் இரும்புக்கும் நடுவே இழை நசுங்குகிறது. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து, அந்த இடத்துக் குழாயின் மேல் சுற்றிவிட்டு அதன்மேல் துணியை மாட்டினால் ஆயுள் நன்றாகக் கூடும்.

நகத்தையும் கவனியுங்கள். இந்த வீடுகளில் அதற்கென்று தனியாகப் பார்க்கவே வேண்டாம், காது போதும். நாய் வளவில் நடக்கும்போது கல்லில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் நகம் வளர்ந்துவிட்டது. சரியான நீளத்தில் இருந்தால் நடை சத்தமே கேட்காது. வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் ரத்தநாளம் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நறுக்குங்கள். கறுப்பு நகத்தில் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டராகச் சீவுங்கள், வெட்டுமுகத்தின் நடுவில் ஈரமான கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். தவறி ரத்தம் வந்தால் சோளமாவை அப்பி இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

பூட்டும்போது ஆளுக்கு ஆள் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. முதல் மூலையை முழுசாக முறுக்கிவிடுவார்கள். கடைசி மூலைக்கு வந்தால் குழாய் இரண்டு விரல் எட்டாது, ‘அளவு தப்பி வந்திருக்கிறது’ என்று திருப்பி அனுப்புவார்கள். அளவு தப்பவில்லை, துணி அப்படி இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். முதலில் துணியை அரை மணி நேரம் வெயிலில் போடுங்கள், கொஞ்சம் இளகும். நான்கு குழாயையும் துணியின் மடிப்புக்குள் செருகிவிட்டு, மூன்று மூலைகளில் போல்ட்டை நாலைந்து சுற்று மட்டும் ஏற்றுங்கள். நான்காவது மூலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கட்டிலைக் கவிழ்த்து முழங்காலால் குழாயை அழுத்த, மற்றவர் காலின் ஓட்டையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பி, அந்த ஓட்டைக்கு நேராகக் குழாயைக் கொண்டுவந்து போல்ட்டைப் போடலாம். அப்புறம் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு சுற்று இறுக்கம் பார்க்க வேண்டும், கிறீச்சென்ற சத்தம் கேட்டால் அதற்கு முன்பே. நாய் படுத்திருக்கும்போது வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் துணி தொய்ந்துவிட்டது.

இந்தக் கட்டிலின் மோசமான பகுதி கால்களின் அடி. கூடவே வரும் பிளாஸ்டிக் மூடி சீக்கிரமே பிய்ந்துவிடும். பிய்ந்ததும் இரும்பு விளிம்பு நேராகக் கல்லில் உட்காரும், ஈரம் பட்டால் வட்டவட்டமாகத் துருக்கறை விழும். ஆத்தங்குடிக் கல் என்பது சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் கலந்து, கண்ணாடிப் பலகை மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையில் சுட்ட ஓடு அல்ல. ஆசிட் பட்டால் சிமெண்டே அரித்து நிறம் வெளுக்கும். ஆகவே துருக்கறையை ஆசிட் போட்டு எடுக்க வழியில்லை, வராமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி. மருந்துக்கடைகளில் ஊன்றுகோலுக்கு மாட்டும் ரப்பர் குப்பி தனியாகக் கிடைக்கும். காலின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு போய் நான்கு வாங்கி மாட்டிவிடுங்கள். கட்டில் வந்த அன்றைக்கே மாட்ட வேண்டும். கல்லில் கீறலும் விழாது, துள்ளி ஏறும்போது கட்டிலும் வழுக்காது. போல்ட்டுகளையும் காரைக்குடி ஹார்டுவேர் கடையில் எவர்சில்வரில் மாற்றிக்கொண்டால் நல்லது.

சுட்ட ஓடு அல்ல, சிமெண்ட் கல் என்பதால் நாய்க்குட்டி மூத்திரம் போனாலும் உடனே துடைத்தாக வேண்டும், அந்தக் கல் உறிஞ்சும். தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். பினாயில் ஊற்றிக் கழுவிய தரை முழுசாகக் காயும் முன் நாய் அதில் படுத்துவிட்டுக் காலை நக்கும், அந்த வழியாக விஷம் உள்ளே போகும்.

வைக்கும் இடம். முகப்பில் நின்று பார்த்தால் பின்கட்டு வாசல் வரை நேராகத் தெரிகிற மாதிரிக் கட்டிய வீடுகள் இவை. அந்த வாசல் வரிசையில்தான் காற்று ஓடும். நாயும் அங்கேதான் படுக்க நினைக்கும், காற்றுக்காக மட்டும் அல்ல, அங்கிருந்தால் தெருவும் தெரியும், அடுப்படிப் பக்கம் யார் வந்தாலும் தெரியும். கட்டிலை அழகுக்காக ஒரு மூலையில் ஒதுக்கினால் அது காலியாகவே கிடக்கும். நடைவழியை அடைக்காமல், தூணை ஒட்டி, அந்த வரிசையின் ஓரத்தில் போடுங்கள். மழைக்காலத்தில் சாரல் எட்டாத இரண்டாங்கட்டுக்கு மாற்றிவிடலாம்.

ஏற்றிப் பழக்க அவசரப்படாதீர்கள். ஆடுகிற பரப்பு என்றால் நாய்க்குச் சந்தேகம். தூக்கி உட்காரவைத்தால் அந்தச் சந்தேகம் பயமாகிவிடும். பழைய நூல்சேலை ஒன்றை நான்காக மடித்து, இரண்டு நாள் அது வழக்கமாகப் படுக்கும் இடத்தில் போடுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கியில் புதிதைச் சொல்லவில்லை, ஆச்சி கட்டிக் கட்டித் துவைத்து நைந்துபோன ஒன்று. அதில் வீட்டு வாசம் இருக்கும். மூன்றாம் நாள் அதே சேலையைக் கட்டில் மேல் விரியுங்கள். முன்னங்கால் இரண்டை வைத்தாலே வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. உப்பு, மசாலா, எலும்பு கூடாது. குழம்பில் முக்கிய துண்டு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைத் தாக்கும், அதையும் தொடவிடாதீர்கள். பெரும்பாலான நாய்கள் ஒரு வாரத்தில் தாமாக ஏறும். நான்கு மாதத்திலிருந்து ஏழு மாதம் வரை பல் மாறும் குட்டிக்கு இப்போதே வாங்காதீர்கள், மூலைத்துணியைக் கடித்தே தீர்த்துவிடும்.

உண்ணி பற்றிச் சொல்லாமல் முடியாது, ஏனென்றால் விற்பவர்கள் ‘உண்ணி வராத கட்டில்’ என்றே எழுதுகிறார்கள். அது தவறு. இங்கே நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி தன் வளர்ச்சியின் மூன்று பருவத்திலும் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும், அப்புறம் மேலே ஏறி இடுக்கில் ஒளியும். உத்தரத்துச் சந்து, நிலைக்கதவின் பின்புறம், சுவிட்ச் பெட்டி, எல்லாம் அதற்கு வீடு. இந்தக் கட்டிலில் திறந்த குழாய் முனைகளும் துணியின் மடிப்பும் அதே மாதிரி இடுக்குகள். ரத்தம் குடித்து ஊதிச் சாம்பல் நிறத்தில் சின்ன ஆமணக்கு விதைபோல் இருக்கும் பெண் உண்ணி, அந்தக் குழாய்க்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பூட்டும்போதே குழாய் முனைகளை எம்சீல் வைத்து அடைத்துவிடுங்கள், போல்ட் ஓட்டை மறையாமல். பதினைந்து நாளுக்கு ஒருமுறை துணியைக் கழற்றி, சுடுநீரில் சோப்புப் போட்டு மடிப்பைப் பிரஷ்ஷால் தேய்த்து வெயிலில் காயவிடுங்கள். படுக்கைக்கு அடியில் பாச்சை உருண்டை, கற்பூரம் போடுவது ஆபத்து. இரண்டும் நாய்க்கு விஷம். உண்ணிக்கு மருந்து நாயின் உடம்பில்தான் போட வேண்டும். கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து என்றால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக்கூடாது. மாத்திரை என்றால் கால்நடை மருத்துவரிடம் எடையைச் சொல்லி வாங்குங்கள், வலிப்பு வந்த நாய் என்றால் அதையும் சொல்லுங்கள். சோறு தொடாமல் காய்ச்சலோடு படுத்து, ஈறு வெளுத்தோ மூக்கில் ரத்தம் வந்தோ இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை.

பஞ்சு மெத்தை ரகங்களை இந்த ஊர் வெயிலுக்கு ஒதுக்கிவிடலாம். சூட்டைத் தேக்கும், உண்ணிக்கு மாளிகை, கிழித்து விழுங்கினால் குடல் அடைக்கும்.

இணையக் கட்டிலைவிட நல்லது ஒன்று உள்ளூரிலேயே இருக்கிறது. வெல்டிங் பட்டறையில் முக்கால் அங்குலக் குழாயில் சட்டம் போடச் சொல்லி, நாடாக் கட்டில் பின்னுகிறவரிடம் நைலான் நாடா பின்னிக்கொள்வது. பறித்தால் ஒரு நாடா தளரும், அதை மட்டும் இழுத்துக் கட்டலாம், கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். வலைக்கட்டிலில் துணி போனால் பல விற்பனையாளர்களிடம் மாற்றுத்துணி கிடைப்பதில்லை, மொத்தமும் பழைய இரும்புக்குத்தான். பின்னும்போது ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: நாடாக்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கக்கூடாது. குட்டியின் பாதம் சிக்கினால் திமிறியே காலை முறித்துக்கொள்ளும். சட்டத்தின் வெல்டிங் பிசிறுகளை அரம் வைத்து ராவி, ரெட் ஆக்சைடு அடித்து, பெயிண்ட் வாடை முழுவதும் போன பிறகே நாயிடம் விட வேண்டும்.

எந்தக் கட்டிலானாலும் உயரம் மட்டும் அரை அடிக்குக் குறையாமல், நாய் அடியில் நுழையும் அளவுக்கு வையுங்கள், கிழ நாய் தவிர. பங்குனி பிறந்ததும் நாய் மேலே படுப்பதை விட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியில் நுழைந்து கல்லில் ஒட்டிக்கொள்ளும். மேலே நிழல், கீழே குளிர்ச்சி, மூக்கு மட்டும் தெருவைப் பார்த்து வெளியே. குனிந்து பெருக்குவது கொஞ்சம் சிரமம்தான். இழுத்து வெளியே போடாதீர்கள்.